பச்சை வெளிச்சத்தைத் தின்ற இரும்பு

“கண் பழகட்டும், கொஞ்சம் பொறும்” என்றார் என்னோடு ஆய்வு செய்த அன்ரன்.

பொறுத்தேன். வெளியே மத்தியான வெயில் யன்னல் கம்பிகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒரு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி, மரப்பெட்டி ஒன்றின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. துணியில் கழுவாத சேர்ட்டின் மணம்.

பெட்டிக்குள் புறவூதா விளக்கு எரிந்தது. அதன் கீழே ஒரு வெள்ளைக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு வாரம் பாடுபட்டு நாங்கள் செய்த பொடி.

“லைற் எரியுதோ?” என்று கேட்டேன்.

“ஓம், லைற் எரியுது. எங்கடை பொடிதான் எரியேல்லை.”

அது எங்கள் இரண்டாவது தோல்வி. துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. அன்ரன் கிண்ணத்தை எடுத்து ஆட்டிப் பார்த்தார், தட்டினால் எழும்பிவிடும் என்பதுபோல.

நாகம் என்றால் பயப்பட வேண்டாம்

இந்தத் தொடரில் போன வாரம், பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தது வரை எழுதியிருந்தேன். “அப்படி என்னத்தைத்தான் ஆராய்ஞ்சனீ?” என்று சுன்னாகத்திலிருந்து என் மச்சாள் கேட்டாள். அவளுக்காகவும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் செய்ய முயன்றது ஒளிரும் பொடி. நாக சிலிக்கேற்று என்று பெயர். நாகம் என்றதும் பாம்பை நினைக்காதீர்கள். துத்தநாகத்துக்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்த பெயர் அது. நாகத்தின் ஒட்சைட்டையும் மணலின் சாரமான சிலிக்காவையும் கலந்து, செங்கல் சூளையைவிடக் கூடிய வெப்பத்தில் மணிக்கணக்காகச் சுட்டால் வெள்ளைப் பளிங்குப் பொடி ஒன்று கிடைக்கும். அதைப் புறவூதா விளக்கின் கீழே வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

ஆனால் சுடுவதற்கு முன்னர் மங்கனீசு என்ற உலோகத்தில் ஒரு துளி சேர்த்தால்! கறிக்கு உப்புப் போடுகிற அளவுகூட வேண்டாம். அதே வெள்ளைப் பொடி விளக்கின் கீழே இளம் நெற்பயிர்போலப் பச்சையாக எரியும். விளக்கை அணைத்தால் திரும்பவும் வெறும் வெள்ளை.

சிறுவயதில் எங்கள் வைரவர் கோயில் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் பச்சை ரியூப் லைற் கட்டுவார்கள். ஒருமுறை ஒன்று விழுந்து உடைந்தது. பச்சையைப் பொறுக்கலாம் என்று ஓடினேன். துண்டுகளின் உட்புறத்தில் முகப்பவுடர்போல வெள்ளைத் தூள்தான் இருந்தது. பச்சை எங்கே போனது என்று கேட்டேன். “கரண்டோடை போட்டுது” என்றார் மைக்செற்காரர். பல வருடங்கள் அதை நம்பியிருந்தேன். அந்தக் காலத்துப் பச்சைக் குழாய்களுக்குள் இருந்தது பெரும்பாலும் இதே குடும்பத்துப் பொடி என்று பல்கலைக்கழகத்தில் படித்த நாளில் எனக்குப் பசியே வரவில்லை.

அழுக்கு என்று ஒதுக்குகிற துளிதான் பளிங்குக்குள் வேலை செய்கிறது. மாணிக்கக்கல்லின் சிவப்பும் அப்படித்தான். உள்ளே புகுந்த துளிக் குரோமியம் இல்லாவிட்டால் அது நிறமற்ற கல்.

எல்லா அழுக்கும் நல்லதில்லை. விளக்கிலிருந்து பளிங்குக்குள் போகும் சக்தி மங்கனீசு அணுவிடம் சேர்ந்தால் பச்சை ஒளியாக வெளியே வரும். பக்கத்தில் இரும்பு அணு இருந்தால் அது அந்தச் சக்தியை வாங்கி, வெறும் சூடாக்கிச் சத்தமில்லாமல் முடித்துவிடும். ஒளிரும் பொடி செய்கிறவர்கள் இரும்பைக் கொலைகாரன் என்றுதான் சொல்வார்கள்.

பஸ்ஸில் வந்த கடற்கரை

ஆய்வுகூடத்தில் மிச்சமிருந்த தூய சிலிக்காவில் முதலில் ஒரு பொடி செய்தோம். அற்புதமாக எரிந்தது. கறுப்புத் துணிக்குள் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

அத்துடன் போத்தல் காலி. அது டொலர் இல்லாத காலம். கொழும்பிலிருந்து எந்தப் பொருளும் வரவில்லை. பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடு கிடந்தது.

“மணல்தானே சிலிக்கா? எங்கடை ஊரிலை மலையாய்க் கிடக்கு” என்றார் அன்ரன்.

அவர் வடமராட்சி கிழக்கில் மணற்காட்டைச் சேர்ந்தவர். ஊரின் பெயரே அதுதான். வெள்ளை மணற்குன்றுகள், சவுக்கு, கடல். தகப்பன் படகு வைத்துத் தொழில் செய்பவர். அடுத்த திங்கட்கிழமை அன்ரன் இரண்டு சொப்பிங் பை நிறைய மணலோடு வந்து இறங்கினார். பையைத் தூக்கிக் கொடுத்த கொண்டக்டர், “என்ன தம்பி, கடற்கரையையும் கூட்டிக்கொண்டு போறியோ?” என்றாராம்.

எங்கள் மேற்பார்வையாளர் அரியரத்தினம் சேர், சண்டிலிப்பாய்க்காரர். நெட்டையான மனிதர், எதையும் மெதுவாகச் சொல்வார். மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். “நல்ல மண். ஆனால் பிள்ளை, இதை நம்பி ஆய்வுத் தலைப்பு வைக்கப்போறீரோ?”

“ஓம் சேர்” என்றேன். கருத்தரங்கிலும் எழும்பி நின்று அதையே சொன்னேன். எங்கள் மணலிலிருந்து எங்கள் வெளிச்சம் என்று ஒரு வசனம் வேறு. கை தட்டினார்கள். அன்ரன் வீட்டிலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய தகப்பன் ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பார்: “தம்பி, மண் எரிஞ்சுதோ?”

மணலை ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டபோது சோடாபோல நுரைத்தது. சிப்பித் தூள் கரைகிற நுரை. அமிலம் மெல்ல மஞ்சளானது. அந்த மஞ்சள்தான் இரும்பு. தயோசயனேற்று என்ற இரசாயனத்தின் கரைசலில் அந்த அமிலத்தை இரண்டு துளி விட்டால் இரத்தச் சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். சிவப்பு வராமல் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினோம். பிறகு காயவைத்து, மாவாக அரைத்து, நாகமும் மங்கனீசும் சேர்த்துச் சுட்டோம்.

எரியவில்லை. இரண்டாம் முறையும் எரியவில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன மத்தியானம் அதுதான்.

சேர் பொடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூய சிலிக்காவில் செய்த பொடிக்குப் பக்கத்தில் இது லேசாகப் பாலாடை நிறமாகத் தெரிந்தது.

“இது இரும்பின்ரை வேலை” என்றார். “எங்கையோ இருந்து வருது. எங்கை எண்டு பிடிக்கவேணும்.”

செம்மண்ணும் வெண்மணலும்

எங்கேயிருந்து? நானும் அன்ரனும் மோதியது அதில்தான்.

“உம்மடை மணல் முழுக்கக் கழுவுப்படேல்லை” என்றேன்.

“நீரும்தானே பக்கத்திலை நிண்டு பாத்தனீர்? ஒரு துளி சிவப்பும் வரேல்லை. எங்கடை மண் துப்பரவு.” அவர் என் செருப்பைப் பார்த்தார். “நீர் எங்கையிருந்து வாறனீர் எண்டு யோசிச்சுப் பாரும்.”

நான் உரும்பிராய். எங்கள் வளவிலிருந்து தோட்டம் வரை எல்லாம் செம்மண். வெள்ளைச் சேலை கட்டினால் பின்னேரம் கரை சிவந்துவிடும். வெங்காயம், மரவள்ளி, வாழை, எங்கள் பாதம் எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு வேறொன்றுமில்லை, இரும்புதான்.

கோபம் வந்தது. ஆனால் பயமும் வந்தது. மாரியில் என் ஸ்கூட்டியின் ரயர் தெறிக்கும் சேற்றையும், கோடையில் தலைமயிருக்குள் ஏறும் தூசியையும் நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து ஆய்வுகூட வாசலில் கால் கழுவினேன். வேறு செருப்பு வைத்தேன். தலையைத் துணியால் மூடிக் கட்டினேன். தண்ணீர்ப் போத்தலைக்கூட உள்ளே கொண்டுபோகவில்லை.

வீட்டில் தும்புத்தடியால் ஸ்கூட்டியின் சில்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஐயா என்று கூப்பிடும் அப்பா தோட்டத்திலிருந்து வந்தார்.

“என்ன பிள்ளை, புது மொடலோ?”

“செம்மண் ஐயா. செம்மண்ணிலை இரும்பு. அதாலைதான் என்ரை சாமான் எரியுதில்லை.”

ஐயா மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். “உந்த மண்ணிலை வெங்காயம் விளைஞ்சுதான் நீ கம்பசுக்குப் போனனீ. இப்ப அது உனக்கு ஊத்தையாப் போச்சோ?” என்று கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

மூன்றாம் முறை சுட்டோம். மின்வெட்டு இல்லாத ஒரு நாளுக்காகக் காத்திருந்து, மின்னுலையில் வைத்து, நான் முகமூடியும் போட்டுக்கொண்டு கிண்ணத்தை எடுத்துவந்தேன். கறுப்புத் துணிக்குள் போனோம்.

இருட்டு.

“இப்ப என்ன சொல்லுறீர்? எல்லாம் கழுவித் துடைச்சு வந்தனான். செம்மண்ணோ இது?”

அன்ரன் துணியை விட்டு வெளியேறிப் போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் நாங்கள் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து வேலை செய்தோம். ஒரு சொல் இல்லை. தராசு வேண்டுமென்றால் அவர் எழும்பும்வரை நான் காத்திருப்பேன். நான் எழும்பும்வரை அவர் காத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை சேர் இருவரையும் கூப்பிட்டார்.

“மின்னுலை மற்றக் குழுவுக்கும் வேணும். கரண்ட் இருக்கிற நாளும் குறைவு. இன்னும் ஒருக்கால் தாறன். சரிவராட்டித் தலைப்பை மாத்துவம்.” பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “தலைப்பு மாத்திறது பெரிய குற்றமில்லைப் பிள்ளை. நானும் மாத்தினனான்.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ கருத்தரங்கில் தட்டிய கைகள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. அன்ரன் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிறு வந்தால் தகப்பனுக்கு என்ன சொல்வார் என்று யோசித்தேன்.

சம்பல் அரைபடவில்லை

இந்த அத்தியாயத்தில் தன்னுடைய கிரைண்டர் வருகிறது என்று தெரிந்ததும் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: “நானாத்தான் தந்தனான் எண்டு எழுது. களவெடுத்தனீ எண்டு சனம் நினைக்கும்.” ஆகவே எழுதுகிறேன். அம்மா தானாகத்தான் தந்தார்.

மணலை மாவாக அரைக்க எங்களிடம் பொறி இல்லை. ஆய்வுகூடத்துக் கல்லுரல் உள்ளங்கை அளவுதான். அதில் இடித்தால் வருடம் முடிந்துவிடும். அம்மா புது கிரைண்டர் வாங்கியதில் பழையது சும்மா கிடந்தது. “கொண்டுபோ, ஆனால் அது நல்லா ஓடுறது, பழுதாக்கிப்போடாதை” என்றார். மூன்று முறையும் மணலை அதில்தான் அரைத்தோம். ஆய்வுகூடம் முழுக்கக் காது கிழியும். அரைத்து முடிந்ததும் மூடியைத் திறந்தால் புகைபோல மணல் தூசி எழும்பும். அழகான மா!

சேர் கடைசி வாய்ப்புத் தந்த மறுநாள் காலை புது கிரைண்டர் நின்றுவிட்டது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த வேகத்தில் மோட்டர் எரிந்திருக்க வேண்டும். இனி எப்போது அரைப்போமோ என்று நான் முதல் நாள்தான் பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அம்மா அதன் சாடியை இரண்டு தரம் கழுவி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுச் சம்பலுக்கு ஓடவிட்டார்.

நான் பிட்டை வாயில் வைத்தபடி, அன்ரனோடு எப்படிக் கதை தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குசினியில் கிரைண்டர் நின்றது. திரும்ப ஓடியது. திரும்ப நின்றது.

“பிள்ளை!”

“என்னம்மா?”

“இஞ்சை வா. ஒரு மிளகாயும் அரைபடேல்லை. முழுசு முழுசாக் கிடக்கு.” சாடியைச் சரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். “இதின்ரை பிளேட் எங்கை போட்டுது?”

பார்த்தேன். பிளேட் இருந்தது, ஆனால் பாதிதான் இருந்தது. முன்பு கூராக நின்ற நுனிகள் தேய்ந்து, சப்பின மிட்டாய்போல உருண்டு வழுவழுத்துக் கிடந்தன.

பிளேட் எங்கே போனது?

மணல் உருக்கைவிடக் கடினமானது. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நாங்கள் மணலைப் பிளேட்டால் அரைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தோம். மணலோ பிளேட்டை அரைத்துக்கொண்டிருந்தது. கழுவிக் கழுவி இரும்பை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நாங்களே மூன்று தரம் இரும்பை உள்ளே கொட்டியிருக்கிறோம்!

“அம்மா!” என்று அவரைக் கட்டிப்பிடித்தேன். மிளகாய்க் கை என் கழுத்தில் பட்டு எரிந்தது.

“என்னடி, விசரோ உனக்கு? சம்பலுக்கு என்ன செய்யிறது?”

நான் கை கழுவவில்லை. கால் கழுவவில்லை. செருப்பும் மாற்றவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோண்டாவில் சந்தியைத் தாண்டும்போதுதான் தலைக்கவசம் கையில் கொழுவியபடி இருப்பதைக் கண்டேன்.

அன்ரன் மேசையில் குனிந்து எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார்.

“செம்மண்ணும் இல்லை, மணலும் இல்லை” என்றேன் மூச்சு வாங்க. “கிரைண்டர்!”

ஒரு வாரத்துக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் சொற்கள் அவை. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் நெற்றியிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார்.

“ஐயோ, நாங்கள் கழுவினது அரைக்க முன்னம்!”

“ஓம்!”

“அரைச்ச பிறகு ஒருக்காலும் சோதிக்கேல்லை!”

“ஓம், ஓம்!”

மேசையில் கிடந்த காந்தம் ஒன்றைத் தாளால் சுற்றி, அரைத்து மிஞ்சிக் கிடந்த மாவுக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது தாள் நுனியில் இரும்புத் தூள் சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. நான் கொஞ்ச மாவை அமிலத்தில் சூடாக்கி, தயோசயனேற்றில் விட்டேன். இரத்தச் சிவப்பு! அவ்வளவு அழகான சிவப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“அண்டைக்குச் செம்மண்ணைச் சொன்னது...” என்று அன்ரன் தொடங்கினார்.

“அதை எங்கடை ஐயாவுக்குச் சொல்லும். அவர்தான் இன்னும் கோவம்” என்றேன். சிரித்துவிட்டார்.

பச்சை

பிழையைத் திருத்த ஒரே ஒரு மாற்றம் போதுமாக இருந்தது: முதலில் அரைப்பது, பிறகு கழுவுவது. அரைத்து மிஞ்சிக் கிடந்த அந்த மாவையே சுடு அமிலத்தில் ஊறவைத்தோம். முதல் கழுவலில் தயோசயனேற்று கடுஞ்சிவப்பு, பிறகு செம்பரத்தம்பூ நிறம், பிறகு ரோசா, பிறகு இருக்கிறதா இல்லையா என்று சண்டை பிடிக்கும் அளவுக்கு ஒரு சாயல், கடைசியில் வெறும் தண்ணீர்போலத் தெளிவு. நாகத்தையும் மங்கனீசையும் கல்லுரலில் கையாலேயே கலந்தோம். மணிக்கட்டு வீங்கியது. அன்ரன் அரைத்தால் நான் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன். நான் அரைத்தால் அவர்.

மின்னுலை ஓடிய நாளில் நான் கும்பிடாத கோயில் இல்லை. அன்ரன் தன் பங்குக்கு அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார். எங்கள் பயம் மின்சாரசபையைப் பற்றித்தான். கரண்ட் நிற்கவில்லை.

கிண்ணம் ஆறியதும் சேரையும் கூப்பிட்டோம். அவருடைய உயரத்துக்குக் கறுப்புத் துணி போதவில்லை. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று தலைகள். மூவரின் மூச்சும் கேட்டது.

“போடும்” என்றார்.

அன்ரன் விளக்கின் ஆளியை அழுத்தினார்.

எரிந்தது. கண் பழகவே தேவையிருக்கவில்லை. கிண்ணம் முழுக்கப் பச்சை. விளிம்பில் சிந்திய ஒரு மணிகூடத் தனியாகப் பச்சை. மணற்காட்டில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் அதே மணல் எங்கள் முகங்களுக்கு எதிரே எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அன்ரனின் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. என்னுடையதும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அவர் துணிக்குள் நின்றபடியே போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அல்ல அன்று.

“அப்பா, மண் எரிஞ்சுது! ... ஓம், எங்கடை மண்தான்! ... இல்லை, நெருப்பு இல்லை, பச்சையா!”

அதைக் கொல்லும்

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சேர் கதிரையில் இருந்து கண்ணாடியைத் துடைத்தார்.

“நல்லாயிருக்கு” என்றார். “இப்ப அதைக் கொல்லும்.”

“சேர்?”

“இரும்பாலைதான் எரியேல்லை எண்டு நீர் சொல்லுறீர். நான் பரீட்சகர் எண்டு வைச்சுக்கொள்ளும். இந்தமுறை கரண்ட் ஒழுங்கா இருந்தது, கையாலை நல்லாக் கலந்தனீங்கள், அதாலைதான் எரிஞ்சது எண்டு நான் சொன்னால் என்ன செய்வீர்? இதே மாவை எடும். அளந்து இரும்பு போடும். பச்சை குறைஞ்சால்தான் உம்மடை கதை உண்மை.”

“மின்னுலை மற்றக் குழுவுக்கு எண்டு சொன்னனீங்கள்...”

“அதை நான் கதைக்கிறன். தலைப்பு உம்மடைதான்.”

அவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்ததை நாங்களே அணைப்பதா? ஆனால் அவர் சொன்னது சரி என்று மனம் சொன்னது. நான்கு கிண்ணம் எடுத்தோம். முதலாவதில் இரும்பு இல்லை. இரண்டாவதில் இரும்பு உப்புக் கரைசல் மிகச் சிறிது, மூன்றாவதில் அதைவிடக் கூட, நான்காவதில் இன்னும் கூட. நான்காவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். மற்றெல்லாம் அச்சொட்டாக ஒன்று. நான்கையும் ஒன்றாகவே சுட்டோம்.

அடுத்த வாரம் மண் எரிந்த செய்தி எப்படியோ பரவி, கறுப்புத் துணிக்கு வெளியே முதலாம் வருடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பெற்றோலுக்கு நின்று பழகிய சனம். வரிசை ஒழுங்காக இருந்தது. முதலில் நாங்கள் மூவரும் உள்ளே போனோம்.

முதல் கிண்ணம் பச்சையாகப் பொங்கியது. இரண்டாவது வாடிய பச்சை. மூன்றாவதில் எரிகிறதா என்று குனிந்து தேட வேண்டியிருந்தது.

நான்காவது கிண்ணத்தைத் தள்ளி விளக்கின் கீழே விட்டேன்.

ஒன்றுமில்லை. சுத்தமான இருட்டு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் இருட்டு.

நான் துள்ளினேன். பெட்டி ஆடியது. சேர் “கவனம், கவனம்” என்று சொல்லிக்கொண்டே சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்ரன் இருட்டுக்குள்ளேயே என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். மூவரும் கை தட்டிக்கொண்டு துணியிலிருந்து வெளியே வந்தோம்.

வரிசையின் முன்னால் நின்ற பிள்ளை ஆவலோடு எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணை தெரிஞ்சது?”

“ஒண்டுமே தெரியேல்லை!” என்று சந்தோசத்தில் கத்தினார் அன்ரன்.